கஸ்பாருக்குக் கரை தாழவில்லை

தாழந்துறைக்காரர்கள் கடலில் எவ்வளவு தூரம் போனோம் என்பதைக் கரை எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் கொண்டுதான் சொல்வார்கள். வள்ளம் மேற்கே போகப் போக முதலில் மணல் தாழும், அதன் பின்னால் வீடுகள் தாழும், தென்னைகள் முட்டளவு, இடுப்பளவு, கழுத்தளவு என்று இறங்கி ஓலைக்கொண்டையோடு முங்கும், பிறகு மாதா கோயில் கோபுரத்துச் சிலுவையான குரிசு முங்கும், எல்லாவற்றுக்கும் கடைசியாக ஊருக்குப் பின்னால் முதுகு வளைந்து கிடக்கும் கூன்மலையும் முங்கிப்போனால் அதற்கப்புறம் தண்ணீரும் தானும்தான். ஐம்பது வருடக் கடல் வாழ்வில் எத்தனையோ தடவை கரை தாழ்வதைப் பார்த்த கஸ்பார் ஒரு தடவைகூட அதற்காகச் சந்தோஷப்பட்டதில்லை. அறுபத்தேழாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு, ஊர் முழுவதும் தன் கண்முன்னால் ஒரே ஒரு தடவை முங்கவேண்டும், பிறகு எழவே கூடாது என்று அவர் முடிவெடுத்தார்.

காரணம் ஒரு பெயர்.

கடலுக்கு அடியில் மீன் கூடிக் கிடக்கும் பாறைத்திட்டுக்கு அந்தக் கரையில் பார் என்று பெயர். பாரைக் கண்டவன் நின்ற இடத்திலிருந்தே கரையைத் திரும்பிப் பார்த்து, குரிசு கூன்மலையின் எந்த மடிப்பில் வந்து உட்காருகிறது, பள்ளிக்கூடத்துப் பனை எந்த வீட்டு முகட்டைத் தொடுகிறது என்று மனசில் கீறி வைத்துக்கொள்வான். அதைக் கணியம் என்பார்கள். முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னால் கஸ்பாரும் அவர் மனைவி சலேத்தம்மாளின் தம்பி செலஸ்டினும் ஒரே கட்டுமரத்தில் போயிருந்தார்கள். செலஸ்டின் வெயிலுக்குத் துணியை மூடிக்கொண்டு உறங்கிக் கிடந்த நேரத்தில் கஸ்பார் இறக்கிய கல்கயிறு கடலடியில் தட்டிய தட்டு அவர் கைக்குப் புதிதாக இருந்தது, இழுத்துப் பார்த்தால் கல்லோடு சிவந்த பாசி ஒட்டி வந்தது. அவர் கணியம் பார்த்து வைத்துக்கொண்டார், உறங்குகிறவனைத் தட்டி எழுப்பி அவனுக்கும் காட்டிக்கொடுத்தார். அன்றைக்கே விஷக்காய்ச்சலில் விழுந்தவர் பதினோரு நாள் பாயைவிட்டு எழவில்லை. அந்தப் பதினோரு நாளும் செலஸ்டின் தனியாகப் போய்க் கட்டுமரம் நிறையக் களவா மீன் கொண்டுவந்தான், எங்கே கிடைத்தது என்று ஊர் கேட்டது, அவன் சிரித்தான், ஊர் அந்த இடத்துக்குச் செலஸ்டின் பார் என்று பெயர் வைத்தது. பன்னிரண்டாம் நாள் கஸ்பார் கம்பை ஊன்றிக் கடற்கரைக்கு வந்தபோது அந்தப் பெயர் ஊர் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவர் மச்சானிடம் பேசவில்லை. செலஸ்டின் மகளின் கல்யாணத்தன்று ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அவர் மணலில் தனியாக உட்கார்ந்து கிழியாத வலையைப் பிரித்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருந்தார். கோயிலில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது முன்னால் செலஸ்டின் நிற்பது தெரிந்தால், ஆண்டவரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று இடத்துக்குத் திரும்பிவிடுவார். களவா மீனை அந்த வீட்டுச் சட்டியில் ஏற்றக் கூடாது என்றொரு சட்டம் முப்பத்துநாலு வருடமாக அமலில் இருந்தது, சலேத்தம்மாள் தம்பி வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வருவாள்.

அப்படியே செத்திருப்பார்கள் இருவரும். ஆனால் அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வந்து, கடலடிப் பாறைகளை வரைபடத்தில் ஏற்றுகிறோம், ஒவ்வொன்றுக்கும் ஊரில் வழங்கும் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஊர்க்கமிட்டி பதினாறு பெயர்களை எழுதிக் கொடுத்ததோடு, இனி தகராறு வரக் கூடாது என்று அதே பதினாறையும் மீன் ஏலக்கூடத்துச் சுவரில் கறுப்புச் சாயத்தில் எழுதியும் வைத்தது. கஸ்பாருக்குத் தன் பெயரைக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எழுத்து தெரியாது. மூன்றாவது வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டார், மூன்று பேரும் ஒன்றுபோலவே செலஸ்டின் பார் என்று வாசித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் கூடியபோது அவர் எழுந்து நின்று, அது எனக்க பாரு, எனக்க பேரை எழுதணும் என்றார். முப்பத்துநாலு வருடத்தில் முதல் தடவையாக அதைக் கூட்டத்தில் சொன்னார். ஊர்த்தலைவர் வியாகுலம் நல்ல மனிதர்தான், ஆனால் கூட்டத்தைச் சிரிக்கவைக்காமல் அவரால் ஒரு கூட்டத்தையும் முடிக்க முடியாது.

"உமக்க பேருலேயே ஏற்கெனவே ஒரு பாரு கெடக்கே வேய். கஸ்-பாரு. அதுக்கு மேல இன்னொரு பாரு எதுக்கு, கஸ்பாரு பாருன்னு? நாக்கு பார்ல தட்டி நிக்கும்" என்றார்.

ஊர் சிரித்தது. பெண்கள் பக்கம் சிரித்தது, பங்குச்சாமியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகு வியாகுலம் குரலை இறக்கி, உயிரோடு இருக்கிறவனுக்காகச் சுவரை அழித்து எழுதத் தொடங்கினால் நாளைக்குப் பதினாறு பேர் வருவார்கள், செத்துப்போனவனுக்கு மரியாதை என்றால் ஊர் யோசிக்கும் என்று தீர்ப்பையும் சொன்னார். கஸ்பார் அதையெல்லாம் கேட்கவில்லை. அவர் செலஸ்டினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செலஸ்டின் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம், வாயில் கிடந்த வெற்றிலையை மெல்லாமல், துப்பாமல், தன் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாளே கஸ்பார் வேலையைத் தொடங்கினார். பன்னிரண்டு அடி வள்ளம் ஒன்று, யாரோ தண்ணீர்த்தொட்டியாக வைத்திருந்தது, அதை வாங்கி வந்து பலகைகளைப் பிரித்து, இற்றதை எறிந்து, நல்லதைக் கயிற்றால் தைத்து, இடுக்குகளில் தேங்காய்நார்ச் சகிரி அடைத்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, அடிப்பாகம் முழுக்கச் சுறா எண்ணெயை மூன்று தடவை பூசினார். எண்ணெய் நாற்றத்தில் பக்கத்து வீட்டார் பகலில் சன்னல் திறக்கவில்லை, அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. பாய்க்குத் தன் பழைய வேட்டிகள் ஒன்பதை ஒன்றோடொன்று சேர்த்து இரட்டையாகத் தைத்தார். இஞ்சின் வேண்டாம், ஜிபிஎஸ் கருவி வேண்டாம், அந்தக் கருவியிலும் அந்த இடத்துக்கு அந்தப் பெயரைத்தானே போட்டு வைத்திருக்கிறார்கள் என்றார். வள்ளத்துக்கு என்ன பெயர் என்று கேட்டவர்களிடம், பெயர் வைத்தால் அதையும் எவனாவது எடுத்துக்கொள்வான் என்றார்.

தனியாகப் போகிறவனுக்கு உறக்கம்தான் எதிரி. சுக்கானில் கட்டிய நூலின் மறுமுனையைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு, வள்ளம் திசை மாறினால் விரல் இழுபட்டு விழிப்பு வரும்படி மணலில் கிடந்த வள்ளத்திலேயே பதினேழு நாள் படுத்துப் பழகினார். பகலில் யாராவது போகிற போக்கில் அந்த நூலை இழுத்துவிட்டுப் போவார்கள், அவர் எழுந்து இல்லாத காற்றுக்கு இல்லாத பாயைத் திருப்புவார், ஊர் கூடி நின்று சிரிக்கும். எங்கே போகிறீர் என்று கேட்டார் சாமியார். வாடைக்காற்று பிடித்தால் தீவுகளைத் தாண்டலாம், தாண்டினால் ஆப்பிரிக்கா வரும் என்றார் கஸ்பார். அங்கே யாரைத் தெரியும் என்றார் சாமியார். யாரையும் தெரியாது, அதற்காகத்தான் என்றார் கஸ்பார்.

சலேத்தம்மாள் தடுக்கவில்லை. வெயிலில் உணக்கிய மரச்சீனிக்கிழங்கு, அவல், கருவாடு, கருப்பட்டி, உப்பிலிட்ட எலுமிச்சை என்று மூட்டை கட்டினாள், எட்டு கேன்களில் தண்ணீர் நிறைத்தாள், பிடிவாதத்தைத் தின்றே இத்தனை வருடம் இருந்தவருக்குக் கிழங்கு எதற்கு என்று சொல்லிக்கொண்டே இன்னொரு படி கிழங்கை அள்ளிப்போட்டாள்.

மார்கழி கழிந்து காற்று நேராக நின்ற ஒரு காலையில் கஸ்பார் வள்ளத்தைத் தனியாகத் தள்ளினார். தள்ளிவிட வந்த கைகளை வேண்டாம் என்றார். அலை மூன்று தடவை திருப்பி மணலிலேயே போட்டது, நாலாவது தடவை எடுத்துக்கொண்டது. அலைவாயைத் தாண்டி இரண்டு கூப்பிடு தூரம் போனதும் பாயை ஏற்றிக் கட்டி, திரும்பி உட்கார்ந்து, வெற்றிலைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நாடகம் பார்க்க உட்காருகிறவரைப் போலக் கரை தாழ்வதைப் பார்க்க உட்கார்ந்தார்.

கரை தாழவில்லை.

வள்ளம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாய் புடைத்திருந்தது, பின்னால் நுரைத்தடம் நீண்டுகொண்டே போனது, தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாகி நீலத்திலிருந்து கறுத்தது. மத்தியானம் ஆனது, வெயில் சாய்ந்தது. தாழந்துறை மட்டும் இரண்டு கூப்பிடு தூரத்தில் மணலோடும் வீடுகளோடும் தென்னைகளோடும் குரிசோடும் கூன்மலையோடும் வைத்தது வைத்தபடி இருந்தது. காற்று பிசகி நிற்கிறது என்று நினைத்து அவர் பாயை இறுக்கினார். மறுநாள் காலை கண்விழித்தபோதும் ஊர் அங்கேயே இருந்தது, சலேத்தம்மாள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் முதுகில் பெட்டி பெட்டியாக அடுக்கிய கப்பல் ஒன்று அவருக்கும் ஊருக்கும் நடுவில் போனது, அது கடந்து முடியும்வரை கால்மணி நேரம் ஊர் மறைந்திருந்தது, அந்தக் கால்மணி நேரம்தான் அந்தப் பயணத்தில் அவர் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரம். ஒன்பதாம் நாள் வலதுபக்கம் வெள்ளை விளக்குமாடத்தோடு ஒரு தீவு வந்தது, அது முறைப்படி எழுந்து, முறைப்படி தாழ்ந்து, முங்கியும் போனது. தாழந்துறை போகவில்லை. ஒரு சுழல்காற்றில் பாயின் ஒரு மூலை கிழிந்தபோது, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு அவர் தைக்கும் ஒவ்வொரு தையலையும் ஊரிலிருந்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழையைப் பாயில் பிடித்துக் கேனில் ஊற்றும்போது ஏலக்கூடத்துப் பெண்கள் கைதட்டியது தெரிந்தது. கை தெரிந்தது, ஓசை வரவில்லை. அந்தத் தூரத்தைத் தாண்டி ஒரு சத்தமும் வரவில்லை, கோயில் மணி ஆடுவதுகூட ஊமையாக ஆடியது.

அவருக்கு ஊர் தாழாதது போலவே ஊருக்கும் அவர் தாழவில்லை. போன கிழவன் மாலையிலும் அங்கேயே இருக்கிறானே என்று முதல் நாள் கூட்டம் கூடியது. காற்று இல்லையோ என்றார்கள், பாய் புடைத்திருப்பதைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வியாகுலம் பைபர் படகில் இரண்டு ஆட்களை அனுப்பி, கிண்டலுக்குச் சொன்னதை மனசில் வைக்கவேண்டாம் என்று சொல்லி அழைத்துவரச் சொன்னார். கஸ்பார் அந்தப் படகு தன்னை நோக்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு வருவதைக் காலையிலிருந்து வெயில் சாயும்வரை பார்த்தார். அது வந்துகொண்டே இருந்தது, அவர்களுக்குப் பின்னால் கரை ஒழுங்காகத் தாழ்ந்துவிட்டது போலிருக்கிறது, பயந்து திரும்பிவிட்டார்கள். அதோடு ஊர் அவரைப் பிடிக்கும் யோசனையை விட்டுவிட்டு அவரோடு வாழத் தொடங்கியது.

வாழ்வதென்றால், கடற்கரைக்கு ஒதுங்கப் போகிறவர்கள் வடக்கே பாறைக்குப் பின்னால் போகத் தொடங்கினார்கள். கிணற்றடியில் குளிக்கும் பெண்கள் மேற்குப் பக்கம் ஒரு ஓலைத் தட்டி கட்டினார்கள். கஸ்பார் பார்க்கிறார் என்று கடற்கரையில் சீட்டாட்டம் நாலு நாள் நின்றது, ஐந்தாம் நாள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆடினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அலையோரம் வரிசையாக நின்று கையைக் குவித்து, கஸ்பாரே பார், கஸ்பாரே பார் என்று கூவிவிட்டுத் தலைகீழாக நிற்பார்கள், நிக்கரைக் கழற்றிக் காட்டுவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள், சுண்டல்காரன் வந்தான், பத்து நாளில் அந்தக் கூட்டமும் ஓய்ந்தது, ஏனென்றால் அவர் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அந்தியில் சாமியார் கடற்கரையில் அவருக்காகச் செபமாலை வைத்தார், அதற்கு வந்த பெண்கள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாடி வளர்ந்திருக்கிறது, மெலிந்திருக்கிறார், அந்தக் கிழங்கை ஊறவைக்காமல் தின்கிறார் என்று சலேத்தம்மாளிடம் தகவல் சொன்னார்கள். அவள் தினமும் அவருடைய நீலக் கட்டம்போட்ட சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள், அது அழுக்காகியிருக்க வழியில்லை, இருந்தும் போட்டாள். கஸ்பார் தன் சட்டை காய்வதைப் பார்த்துக்கொண்டே தீவுகளைத் தாண்டினார்.

எல்லாவற்றையும் பொறுத்தார், ஒன்றைத் தவிர. மீன்பிடிக்கப் போகும் வள்ளங்கள் அவரை வைத்துக் கணியம் பார்க்கத் தொடங்கின. அசையாமல் நிற்கும் வெள்ளைப் பாய் கடல் பக்கத்தில் ஒரு ஊருக்கு எப்போது கிடைத்தது? ஆட்கள் வள்ளத்தில் எழுந்து நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்து அவரை ஒரு பார்வை, திரும்பிக் குரிசை ஒரு பார்வை பார்த்து, துடுப்பால் இரண்டு தள்ளு தள்ளிக் கல்லை இறக்குவதை அவர் பார்த்தார். அவர்கள் இறக்கிய இடம் அவருக்குத் தெரியாதா? அவருடைய பார். கட்டுமரத்தில் நின்று முதன்முதலில் அவர் கண்டெடுத்த இடத்துக்கு, அவரையே கம்பாக நட்டு வழி கண்டு, செலஸ்டின் பாருக்குப் போகிறோம் என்று சொல்லிப் போனார்கள். நான் போனதையும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று கஸ்பார் வாய்விட்டுச் சொன்னார், கேட்பதற்குப் பறக்கும் மீன்கள் இருந்தன. அன்றைக்கு முழுவதும் பாயை இறக்கி வைத்துப் பார்த்தார். வள்ளம் குறுக்கே கிடந்து உருண்டது, அலை உள்ளே வந்து அவலை நனைத்தது, மாலையில் திரும்பவும் பாயை ஏற்றவேண்டி வந்தது.

செலஸ்டின் மட்டும் ஒருநாளும் கடற்கரைக்கு வரவில்லை. முப்பத்தெட்டாம் நாள்தான் வந்தான். சர்க்கரை நோயில் கால் வீங்கி, ஒரு நாற்காலியை அவனே இழுத்துக்கொண்டு வந்து மணலில் போட்டு உட்கார்ந்தான். காலையிலிருந்து மத்தியானம் வரை இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் கூசி முதலில் முகம் திருப்பியவன் செலஸ்டின். எழுந்து வியாகுலத்தின் வீட்டுப் பக்கம் போனான், நாற்காலியை மறந்து போட்டுவிட்டுப் போனான்.

நாற்பத்தோராம் நாள் கஸ்பார் ஒரு அடக்கத்தைப் பார்த்தார். ஊர் முழுவதும் வெள்ளையில் வந்தது. கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்குத் தாழந்துறையில் அவன் துணியைப் பெட்டியில் வைத்துப் புதைப்பது வழக்கம், பெட்டியை நாலு பேர் சுலபமாகத் தூக்கிவந்ததிலேயே அது துணிப்பெட்டி என்று தெரிந்தது. யார் போனது, எந்த வள்ளம் வரவில்லை என்று அவர் கரையில் இருந்த வள்ளங்களை எண்ணினார், எல்லாம் இருந்தன. பெட்டிக்குப் பின்னால் சலேத்தம்மாள் கரையில்லாத வெள்ளைச் சேலையில் வந்தாள். கொடியில் சட்டை இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் செலஸ்டின் முன்னால் வந்து நின்று பேசினான். மூன்று நாளாக அவன் வியாகுலத்தைக் கெஞ்சி, கூட்டத்தில் விளையாட்டாகச் சொன்ன தீர்ப்பைத் தீர்ப்பாகவே பிடித்துக்கொண்டு, கரையில் கால்படாமல் நாற்பத்தொரு நாள் ஆனவன் செத்தவன்தான் என்று கமிட்டியைச் சம்மதிக்கவைத்திருந்தான். கல்கயிறு பிடித்தது மச்சான்தான், நான் உறங்கிக் கிடந்தேன், கேட்டபோது சிரித்தேன், பிறகு எல்லோரும் கூப்பிடக் கூப்பிட எனக்கே அது என் பாராகிவிட்டது என்று அவன் அந்தப் பெட்டிக்கு முன்னால் சொன்னான், ஊர் தலையைக் குனிந்து கேட்டது. கஸ்பார் கண்டது ஒரு வாய் திறந்து திறந்து மூடுவதை மட்டும்தான். ஆனாலும் அவருக்குப் புரிந்தது. பிறகு ஏலக்கூடத்தில் ஒருவன் ஏணி வைத்து ஏறி, மூன்றாவது வரியைச் சுண்ணாம்பால் அழித்து, காயும்வரை பீடி குடித்துவிட்டுப் புதிதாக எழுதியபோது, உலகத்தில் அவருக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அதில் இருந்தது.

கஸ்பார் நெடுநேரம் அதைப் பார்த்தார். நெஞ்சில் இருந்த கல் இறங்கும் என்று காத்திருந்தார். முப்பத்துநாலு வருடம் எந்த வார்த்தைக்காகக் காதைத் திறந்துவைத்திருந்தாரோ அந்த வார்த்தையை ஒருவன் ஊர்முன்னால் சொல்லிவிட்டான், அதை ஒரு சட்டை கேட்டு மண்ணுக்குள் போய்விட்டது. கல் இறங்கவில்லை. அவர் சுக்கானைத் திருப்பி வள்ளத்தின் மூக்கைக் கிழக்கே ஊருக்கு நேராகப் பிடித்தார்.

நாற்பத்தொரு நாள் ஓடிய தூரத்தை ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கூப்பிடு தூரம் இரண்டு கூப்பிடு தூரமாகவே இருந்தது, வெயில் சாய்வதற்கு முன்னால் அவர் அலைவாயைத் தாண்டி இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்து பாயை இறக்கிவிட்டார். அடக்கத்துக்கு வந்தவர்கள் கஞ்சி குடித்துவிட்டு இன்னும் கலையாமல் இருந்தார்கள். செத்தவர் வந்துவிட்டார் என்று யாரோ போய்ச் சொல்ல, எல்லோரும் கைகழுவிவிட்டு மணலுக்கு வந்தார்கள். யாரும் அலறவில்லை. முதலில் ஓசைதான் கஸ்பாரைத் தாக்கியது, காக்கையும் நாயும் மனிதரும் மணியும், நாற்பத்தொரு நாள் சத்தமும் ஒன்றாக வந்ததுபோல இருந்தது.

வியாகுலம் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, இந்தத் தடவை யாரையும் சிரிக்கவைக்காமல் விஷயத்தைச் சொன்னார். பெயர் எழுதியாயிற்று. எழுதியது செத்தவர் பெயரை. அவர் கரையில் கால் வைத்தால் உயிரோடு இருக்கிறவர் ஆகிவிடுவார், அப்போது சுவரைப் பழையபடி எழுதவேண்டியிருக்கும், இல்லாவிட்டால் மற்றப் பதினைந்துக்கும் ஆள் வரும். எப்படி வேண்டும் என்பதை அவரே சொல்லிவிடட்டும்.

 கஸ்பார் கண்களால் கூட்டத்தில் நின்ற வீங்கிய கால்களைத் தேடிப் பிடித்தார்.

"செலஸ்டினே" என்றார். முப்பத்துநாலு வருடத்தில் அந்தப் பெயரை அவர் அவனைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நீ சொன்னியாமே."

"சொன்னேன் மச்சான்."

"யாருகிட்ட சொன்னே?"

"எல்லாருகிட்டயும். உமக்க சட்டைகிட்ட."

"நான் கேக்கல்ல. இப்பச் சொல்லு."

செலஸ்டின் தண்ணீருக்குள் இரண்டடி வைத்தான். வாயைத் திறந்தான். காலையில் பெட்டிக்கு முன்னால் தடங்கல் இல்லாமல் வந்த வார்த்தை, உயிரோடு, தாடியோடு, அந்தப் பழைய கண்களோடு ஒருவர் எதிரே இருந்து கேட்கும்போது வரவில்லை. கூட்டம் முழுவதும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு அலை வந்து போனது, இன்னொன்று வந்து போனது.

"நீரு இருந்திருந்தா நான் சொல்லியிருக்கமாட்டேன் மச்சான்" என்றான் கடைசியில். அது உண்மை என்பது இருவருக்கும் தெரிந்தது. "ஒருக்கா சொல்லியாச்சு. இனி என்னக் கேக்காதியும்."

அப்போது சலேத்தம்மாள் தம்பியைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். வெள்ளைச் சேலை இடுப்புவரை நனைந்தது.

"எறங்கி வாங்க, கஞ்சி மிச்சம் இருக்கு" என்றாள். "பேரு போனாப் போட்டும்."

"வெள்ளை உடுத்துட்டியே" என்றார் அவர்.

"முப்பத்துநாலு வருசமா நீங்க அந்தப் பாரோடதான குடும்பம் நடத்தினீங்க. உடுத்த வேண்டிய நாளுக்கு உடுக்கல்ல, இன்னைக்கு உடுத்தேன். எறங்குங்க, அவுத்துப்போட்டுட்டுப் போறேன்."

கஸ்பார் வள்ளத்தின் விளிம்பில் கைவைத்தார். ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டார், பாதம் தண்ணீருக்குள் இறங்கியது, அடியில் மணல் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஊர் அசையாமல் நின்றது. அவர் தலையைத் திருப்பி ஏலக்கூடத்துச் சுவரைப் பார்த்தார், சாயம் இன்னும் ஈரமாகப் பளபளத்தது. பிறகு செலஸ்டினைப் பார்த்தார், அவனுடைய மூடிய வாயைப் பார்த்தார். காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

 சலேத்தம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் அவர் பாயை ஏற்றிக் கட்டும்வரை நின்றாள், பிறகு சேலையைப் பிழிந்துகொண்டு, அடுப்பை அணைக்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இந்தத் தடவை கஸ்பாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன தடவை பார்த்துக்கொண்டே உட்கார்ந்ததால்தான் அவர்கள் தன்னைப் பிடித்துக்கொண்டார்கள், பார்க்காமல் போவதுதான் அவர்களுக்குத் தண்டனை என்று நினைத்து முதுகை ஊருக்குக் கொடுத்து மேற்கைப் பார்த்து உட்கார்ந்தார். அதனால் அவருக்குத் தெரியாமல் போனது. அலைவாயைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் மணல் தாழ்ந்தது. வீடுகள் தாழ்ந்தன. தென்னைகள் முட்டளவு, இடுப்பளவு, கழுத்தளவு என்று இறங்கி ஓலைக்கொண்டையோடு முங்கின, குரிசு முங்கியது, கூன்மலையின் முதுகு கடைசியாக ஒரு கீற்றாகக் கிடந்து அதுவும் போனது, எல்லாம் மற்றவர்களுக்கு நடப்பதுபோலவே முறைப்படி நடந்தது. கரையில் நின்றவர்களுக்கும் வெள்ளைப் பாய் சிறுத்து, புள்ளியாகி, இல்லாமல் போனது. மறுநாள் கடலுக்குப் போனவர்கள் எழுந்து நின்று நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்கள், நேராக வைக்க ஒன்றும் இல்லை, கருவியை எடுத்து அழுத்தினார்கள். அது பழைய பெயரையே காட்டியது. வாயும் பழக்கத்தில் அதையே சொன்னது. சுவரில் மட்டும் வேறு எழுதியிருந்தது.

கஸ்பார் போய்க்கொண்டிருந்தார். மொத்த ஊரும் முதுகுக்குப் பின்னால் இரண்டு கூப்பிடு தூரத்தில் நின்று தன்னைப் பார்க்கிறது என்ற நினைப்பில் அவர் கூனாமல் உட்கார்ந்தார். பசித்தபோது கிழங்கைக் கடிக்காமல், பார்க்கிறவர்களுக்காக அதை ஊறவைத்துத் தின்றார். காலையில் எழுந்ததும் உப்புநீரில் முகம் கழுவித் தாடியைக் கையால் கோதிக்கொண்டார். சில மத்தியானங்களில் அழுகை வந்தது, அப்போது தோள் குலுங்குவது அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று இரண்டு கைகளாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகை விறைத்து, கடல் முழுக்க ஒருவருமே இல்லாத அந்த வெயிலில், அசையாமல் உட்கார்ந்திருந்தார்.